வார்டில் நிற்க ஓர் இடம்

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848-ஆம் ஆண்டு ஒரு சிறு மருந்துச்சாலை நடக்கத் தொடங்கியது. நடத்தியவர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர்க்காரர். அதற்கு முந்தைய ஆண்டுதான் யாழ்ப்பாணம் வந்திருந்தார். குடாநாடு முழுவதற்கும் ஒரு டாக்டர் எந்த மூலைக்குப் போதும்? இன்னொருவர் கப்பலில் வந்து சேரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. உள்ளூர் இளைஞர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு அதே ஆண்டில் வைத்தியம் கற்பிக்க ஆரம்பித்தார்.

வந்தவர்கள் பலர் வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். கணிதமும் வானியலும் ஆங்கிலமும் அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம். மானிப்பாயில் அவர்களுக்குப் புதிதாகக் கிடைத்தது நோயாளி. பாடம் நடக்கும் இடமும் வைத்தியம் நடக்கும் இடமும் ஒன்றாகவே இருந்ததால், புத்தகத்தில் வாசித்த புண்ணை மறுநாள் கண்ணெதிரே பார்க்கலாம்; கழுவலாம், கட்டலாம், ஆறுகிறதா என்று நாள்தோறும் அவிழ்த்துப் பார்க்கலாம். மருந்து இடிப்பது, அளப்பது, கட்டுத்துணி கிழிப்பது எல்லாம் மாணவர் வேலை. இன்று பயிற்சி மருத்துவம் என்கிறோமே, அதன் முழு உருவம் 175 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ் ஊரில் இருந்தது.

கிறீன் வருவதற்கு முன்பும் அங்கே மிஷன் டாக்டர்கள் இருந்தார்கள். 1820-இலேயே பண்டத்தரிப்பில் வந்து தங்கியவர் ஜான் ஸ்கடர். அவருக்குப் பின் நேதன் வார்ட். ஸ்கடர் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அந்தக் குடும்பம் பாக் நீரிணையைத் தாண்டி இந்தக் கதைக்குள் மறுபடியும் வரும்.

தொடக்கத்தில் கிறீன் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். மாணவர்கள் நன்றாகத் தேறினார்கள். ஆனால் அந்தத் தேர்ச்சியே ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவருக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது, சம்பளமும் கூட. கற்றவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். கிராமத்துக்கு யார் இருப்பது என்ற கேள்வி இருந்த இடத்திலேயே இருந்தது. கொஞ்ச காலம் தாயகம் போயிருந்த கிறீன் 1862-இல் யாழ்ப்பாணம் திரும்பினார். 1864 வாக்கில் ஒரு முடிவெடுத்தார்: இனி வகுப்பு தமிழில்.

அதற்குப் புத்தகம் வேண்டுமே. முந்தைய வருகையின்போதே கட்டரின் உடற்கூற்று நூலையும் மோன்செலின் பிரசவ மருத்துவ நூலையும் தமிழாக்கும் வேலையைத் தொடங்கியிருந்தவர், இப்போது முழு மூச்சாக இறங்கினார். டிரூயிட்டின் அறுவை மருத்துவ நூல் ‘இரண வைத்தியம்’ ஆனது. கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆனது. ஹூப்பரின் நூல் ‘வைத்தியாகரம்’. வேதியியல் நூல் ‘கெமிஸ்தம்’. டான்ஃபோர்த், சாப்மன் போன்ற அவருடைய மாணவர்களே மொழிபெயர்ப்பில் உடன் உழைத்தார்கள். இதை வெறும் நூல் கைங்கரியமாகப் பார்ப்பது போதாது. காலையில் கட்டுப் போட்ட கை மாலையில் அதே நோயைத் தமிழில் எழுதிப் பார்த்தது. மருத்துவ மாணவர்களுக்கு அப்படியொரு பயிற்சி வேறு எங்கே வாய்த்தது?

1866-இல் யாழ்ப்பாணத்தைக் காலரா தாக்கியபோது இந்தப் பயிற்சிக்குச் சோதனை வந்தது. வாந்திபேதி கண்ட வீட்டுக்குள் உறவினரே நுழையத் தயங்கிய காலம். கிறீனிடம் படித்தவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். நோயாளியோடு தமிழில் பேசி, தண்ணீரைப் பற்றியும் சுத்தத்தைப் பற்றியும் அவர்களுக்குப் புரியும்படி சொல்லக்கூடிய ஆட்கள் அன்று மிகக் குறைவு. அவர்களில் பெரும்பங்கு மானிப்பாயில் உருவானது.

1873-இல் கிறீன் நிரந்தரமாகத் தாயகம் திரும்பினார். அதற்குள் அவர் கையில் பயின்றவர்கள் 62 பேர்: ஆங்கிலத்தில் 29, தமிழில் 33. தமிழில் படித்தவர்கள் ஊரிலேயே தொழில் நடத்த வேண்டும், உடையிலும் உணவிலும் வழக்கத்திலும் ஊராரிடமிருந்து விலகிவிடக் கூடாது என்பது அவர் விருப்பம். அமெரிக்காவில் இருந்தபடியும் தமிழ் நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884-இல் இறந்தபோது, தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற குறிப்பே அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டது. அவர் பெயரிலான வைத்தியசாலை மானிப்பாயில் இன்றும் இருக்கிறது.

சென்னையில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. அங்கே பயிற்சிக்கு ஆள் எடுத்தது பட்டாளத்துக்காக. கோட்டைக்குள் 1664-இல் உருவான ஆஸ்பத்திரி 1772-இல் இன்றைய இடத்துக்கு, அதாவது சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே, வந்து சேர்ந்தது. கம்பெனியின் ரெஜிமென்டுகள் ஊர் ஊராகப் போகும்போது வெள்ளைக்கார சர்ஜனுக்குப் பின்னால் மருந்துப் பெட்டியும் கட்டுத்துணியுமாகப் போக ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிப்பாய்களின் பிள்ளைகள் ‘அப்ரென்டிஸ்’ என்றும், இந்தியப் பையன்கள் ‘டிரஸ்ஸர்’ என்றும் ஆஸ்பத்திரிகளில் வைத்துப் பழக்கப்பட்டார்கள். 1835 பிப்ரவரியில் கவர்னர் ஃபிரெடரிக் ஆடம் காலத்தில் திறக்கப்பட்ட மெடிக்கல் ஸ்கூல் இந்தப் பழக்கத்துக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தது. 1850-இல் அதுவே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் ஆனது.

டிரஸ்ஸர் என்பவர் கட்டுக் கட்டுகிறவர். லண்டனில் இந்த இடத்துக்குப் பெரிய மதிப்பு. கைஸ் ஆஸ்பத்திரியில் சர்ஜனின் டிரஸ்ஸராக இருக்க மாணவர்கள் பணம் கட்டிச் சேர்ந்தார்கள். கவிஞர் ஜான் கீட்ஸ் 1816-இல் அங்கே டிரஸ்ஸராக இருந்தவர்தான். லண்டனில் அது சர்ஜன் ஆவதற்கான படி. சென்னையில் இந்தியப் பையனுக்கு அந்தப் படிக்கு மேலே வெகுகாலம் படியே இல்லை. வேலை ஒன்று, பெயரும் ஒன்று, ஆனால் அதன் மறுமுனையில் இருந்த கதவு ஒருவருக்குத் திறந்தும் ஒருவருக்கு மூடியும் இருந்தது.

அந்த வரிசையிலிருந்து வந்த இன்னொருவர் கம்பவுண்டர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் டாக்டரை விட கம்பவுண்டரைத்தான் ஜனங்களுக்கு நெருக்கமாகத் தெரியும். பையனாக டாக்டரின் கிளினிக்கில் சேர்ந்து, பாட்டில் கழுவி, பேர் எழுதி, கிரெயின், டிராம், மினிம் என்ற மருந்தளவுகளைப் பார்த்துப் பார்த்தே படித்த தொழில். சிவப்பு மிக்சரை பாட்டிலில் ஊற்றி, காகிதத்தை நீளவாக்கில் மடித்து ஓரங்களில் கத்தரித்து, விரித்தால் வேளைக்கு ஒரு பல் வருகிற மாதிரி வெட்டி, பசை தடவி பாட்டிலின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அந்தக் காகிதத்தைப் பார்த்து அளவு தவறாமல் குடிப்பாள். 1948-இன் பார்மசி சட்டத்துக்குப் பின் படிப்பும் பதிவும் கட்டாயமாகிக்கொண்டே வர, கைப்பழக்கத்தால் மட்டும் வந்த கம்பவுண்டர்கள் மெல்ல மறைந்தார்கள். தவறான மருந்தால் வந்த ஆபத்துகளை நினைத்தால் அந்தச் சட்டம் தேவைதான். ஆனால் பத்தாவது தாண்டாத ஒரு பையன் மருத்துவத் துறைக்குள் நுழைய இருந்த வழியும் அதோடு அடைபட்டது.

பெண்களுக்கு அந்த வழி கூட இல்லை. திரைமறைவில் வாழ்ந்த கோஷாப் பெண்கள், ஆண் டாக்டர் தொடக் கூடாது என்ற வீட்டுப் பெண்கள், பிரசவத்தில் செத்துப்போனார்கள். அவர்களைப் பார்க்கப் பெண் டாக்டர் இல்லை. சென்னையில் வக்கீலாக இருந்த வில்லியம் ஷார்லீபின் மனைவி மேரி, கணவருக்கு வழக்கு வேலைகளில் உதவியபோது இந்தச் சாவுகளைப் பற்றித் தெரிந்துகொண்டார். முதலில் பிரசவ ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தார். சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபர் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று வாதாடி வந்த நேரம் அது. 1875-இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் நான்கு பெண்களைச் சேர்த்தது, மேரி ஷார்லீப் அவர்களில் ஒருவர். இங்கிலாந்தில் பெண்கள் மருத்துவக் கல்வி கேட்டுப் போராடிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை.

கல்லூரியில் சேர்ந்தது பாதிதான். வார்டு இன்னொரு உலகம். பெண்கள் வார்டைச் சுற்றி வருவதைத் தடுக்க எனக்கு அதிகாரமில்லை, ஆனால் கற்பிக்க மாட்டேன் என்று ஓர் ஆசிரியர் முகத்துக்கு நேரே சொன்னதை மேரி பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். மருத்துவம் படித்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். வார்டு ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் நோயாளியின் வயிற்றில் கை வைத்து, மாணவரின் கையையும் அதே இடத்தில் வைத்து அழுத்திக் காட்டுகிறாரே, அந்த நொடி கிடைக்காவிட்டால் மற்றதெல்லாம் வேடிக்கை பார்ப்பதுதான். மேரி விடவில்லை. சென்னையில் தேறி, லண்டனில் மேற்கொண்டு படித்து, திரும்பி வந்து, 1885-இல் கோஷாப் பெண்களுக்காக விக்டோரியா ஆஸ்பத்திரி உருவாகக் காரணமாக இருந்தார். திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி அதுதான். வார்டுக்குள் ஒரு பெண் மாணவர் நின்றதன் பலனாக, வெளியே நின்ற நோயாளிப் பெண்கள் உள்ளே வந்தார்கள். யார் கற்க விடப்பட்டார்கள் என்பதை வைத்தே யாருக்கு வைத்தியம் கிடைக்கும் என்பது தீர்மானமானது. மானிப்பாயில் மொழி செய்ததை இங்கே பெண்கள் செய்தார்கள்.

புதுக்கோட்டையிலிருந்து வந்து 1907-இல் அதே கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி 1912-இல் பட்டம் பெற்றார். தேவதாசி மரபில் வந்த தாயின் மகள் என்பதால் பள்ளிக்கூட வாசலிலிருந்தே எதிர்ப்பைப் பார்த்தவர். சென்னை அரசு மகப்பேறு, கண் மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாக அவர் நியமிக்கப்பட்டார். தங்கை புற்றுநோயால் இறந்த துயரம் அவரை வாழ்நாள் முழுக்கத் துரத்தியது. அவர் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அங்கே 12 படுக்கைகள், ஒரு கட்டிடம். மறு ஆண்டு ஏப்ரலில் வந்து சேர்ந்தார் இளம் டாக்டர் சாந்தா. அரசுப் பெண்கள் மருத்துவமனை வேலை கைக்கு வந்திருந்தும் அதை உதறிவிட்டு வந்தவர். முதல் மூன்று ஆண்டுகள் சம்பளமில்லாத கௌரவ மருத்துவர். அதன் பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்துக்குள்ளேயே தங்க இடமும். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் கட்டி எழுப்பிய அந்த இடத்தைவிட்டு 2021-இல் இறக்கும் வரை அவர் போகவில்லை.

இனி ஸ்கடர் குடும்பம். பண்டத்தரிப்பில் இறங்கிய ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா, 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். டாக்டராகும் எண்ணமே அவருக்கு இல்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்து, டாக்டரான தகப்பனார் வருகிறேன் என்று சொல்லியும் ஆண் கூடாது என்று அவர்கள் மறுத்துத் திரும்பிப் போனதும், மூன்று பெண்களும் விடிவதற்குள் இறந்ததும் வேலூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அமெரிக்காவில் படித்து 1900-இல் வேலூர் வந்த ஐடா, 1902-இல் ஷெல் ஆஸ்பத்திரியைத் திறந்தார், 1909-இல் நர்ஸ் பயிற்சி தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கு மெடிக்கல் ஸ்கூல் கேட்டபோது சர்ஜன் ஜெனரலுக்கு நம்பிக்கை இல்லை; ஆறு பேராவது வந்தால் நடத்திப் பாருங்கள் என்ற அளவில் அனுமதி கிடைத்தது. விண்ணப்பித்தவர்கள் 151 பேர். எடுத்தது 18. முதல் அரசுத் தேர்வுக்குப் போன 14 பேரும் தேறினார்கள். ஆண்கள் பள்ளிகளில் ஐந்தில் ஒருவர் தேறினாலே பெரிது என்று சொல்லப்பட்ட காலத்தில் இது நடந்தது.

அந்தத் தேர்ச்சிக்குப் பின்னால் இருந்தது சாலை. வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் வழியில் மரத்தடிகளில் நிறுத்தி நிறுத்தி வைத்தியம் பார்ப்பது ஐடாவின் வழக்கம். முதலில் மாட்டு வண்டி, பின்பு பெஜோ கார். அந்தச் ‘சாலையோர டிஸ்பென்சரி’க்கு மாணவிகளும் போனார்கள். புளியமரத்து நிழலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சனம், கண்ணில் சொட்டு மருந்துக்காக அண்ணாந்திருக்கும் குழந்தை, துணியை அவிழ்த்தால் ஈ மொய்க்கும் காற்புண். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர முடிந்த நோயாளியை மட்டும் பார்த்துப் படிப்பவருக்கும், வர முடியாதவரை அவர் ஊரிலேயே பார்த்துப் படிப்பவருக்கும் வித்தியாசம் உண்டு. இந்த வித்தியாசத்தை வேலூர் பாடத்திட்டமாகவே ஆக்கிக்கொண்டது. இன்றும் முதலாண்டு மருத்துவ மாணவர்கள் நர்சிங், பிசியோதெரபி மாணவர்களோடு ஒரு கிராமத்தில் போய்த் தங்கி, வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள். ஸ்டெதாஸ்கோப் பிடிக்கப் பழகும் முன்பே, அந்த வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கப் பழகுகிறார்கள். படித்து முடித்தவர்கள் சிறு மிஷன் ஆஸ்பத்திரிகளில் ஒப்பந்தப்படி வேலை செய்யப் போகிறார்கள்.

மதுரையிலும் ஒரு முயற்சி. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு ஆண்டு உதவித்தொகையோடு பயிற்சி கொடுத்துக் கண் மருத்துவ உதவியாளர் ஆக்கியது. டாக்டர் அறுவை சிகிச்சையை மட்டும் பார்க்க, அதற்கு முன்னும் பின்னும் உள்ள அத்தனையும் இந்தப் பெண்கள் கையில். மருத்துவத் துறை என்றால் எம்பிபிஎஸ் என்று மட்டுமே பேசிப் பழகிவிட்ட நமக்கு இது முக்கியமான உதாரணம்.

நாடு முழுமைக்குமான பயிற்சித் திட்டத்துக்கு வித்திட்டது ஜோசப் போர் என்பவர் தலைமையிலான அரசுக் குழு. 1943-இல் அமைந்து 1946-இல் அறிக்கை தந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் அதில் உறுப்பினர். ஒவ்வொரு டாக்டரும் மூன்று மாதமாவது நோய்த்தடுப்பும் சமூக மருத்துவமும் பயில வேண்டும் என்றது குழு. அதே குழு, நாட்டில் ஒரே தரத்து டாக்டர் போதும் என்றும் சொன்னது. எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழ்ப்படியாக இருந்த எல்எம்பி படிப்பு அதனால் முடிவுக்கு வந்தது. குறைந்த செலவில் படித்துச் சிற்றூர்களில் தொழில் நடத்திய எல்எம்பி டாக்டர்கள் ஒரு தலைமுறையோடு நின்றார்கள். தரம் உயர்ந்தது உண்மை. ஆனால் பட்டம் உயர உயர கிராமம் தூரமாகும் என்று 1864-இல் கிறீன் கண்டது இங்கேயும் நடந்தது. அதைச் சரிசெய்ய 1977-இல் மத்திய அரசு மருத்துவக் கல்லூரிகளிடம் தலா மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களை ஒப்படைத்து, வேன்களும் கொடுத்தது. சில கல்லூரிகளில் அது வேர் பிடித்தது. பல இடங்களில் வேன் ஷெட்டில் நின்றது.

இன்று ஹவுஸ் சர்ஜன் வருஷம் சட்டப்படி கட்டாயம். ரத்தம் எடுப்பது, வென்ஃப்ளான் போடுவது, கேஸ் ஷீட் எழுதுவது, பிளட் பேங்க்குக்கு ஓடுவது, ராத்திரி முழுக்க கேஷுவாலிட்டியில் நிற்பது: அரசு ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் இவர்கள் தோளில்தான் நடக்கின்றன. அதே வருஷத்தில்தான் முதுநிலை நீட் தேர்வும் தலைக்கு மேல் நிற்கிறது. வார்டில் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றால் மதிப்பெண் குறையும் என்று பயப்படும் நிலைக்குப் பயிற்சி டாக்டர்களைத் தள்ளியிருப்பது தேர்வு முறை. அவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது நியாயமில்லை. ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக் காலம் முழுக்கக் கவனிக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் அண்மையில் கொண்டுவந்த திட்டம் நல்லது. ஆனால் அது பஸ்ஸில் போய்ப் படிவத்தை நிரப்பித் திரும்பும் ஒரு நாள் வேலையாகச் சுருங்காமல் இருக்க, மாணவர்கள் ஊரில் இரவு தங்க இடம் வேண்டும், உடன் தங்கும் ஆசிரியர் வேண்டும், அந்த ஆசிரியருக்குப் பதவி உயர்வில் அந்த நாட்கள் கணக்கில் வர வேண்டும். இந்த மூன்றையும் கேட்க வேண்டிய இடம் ஆணையமும் மாநில அரசுமே.